எழுத்தை அழித்தால் எண்ணம் அழியுமா?

ஓர் ஊரின் உள்ளத்தை அறிய விரும்புவோர் அவ்வூரின் தலபுராணத்தைத் தேடி அலைய வேண்டுவதில்லை. தலபுராணம், ஊர் தன்னைப் பற்றித் தானே கட்டிவிட்ட கதை. அதிலே தேவர்கள் வருவார்கள், முனிவர்கள் வருவார்கள், வரம் கேட்ட யானையும் சிலந்தியும்கூட வரும். ஆனால் அவ்வூர்க் கிணற்றிலே நீர் இறைக்க யாருக்கு உரிமை இருந்தது, யாருக்கு இல்லை என்ற செய்தி மட்டும் வராது. அதை அறிய வேண்டுமாயின் தெருவிலே இறங்கி நடக்க வேண்டும். சுவரையும் தூணையும் பலகையையும் படிக்க வேண்டும். புராணம் மறைப்பதைப் பலகை போட்டு உடைக்கும். ஏனெனில் பலகை எழுதுகிறவன் தன் குணத்தைக் காட்ட எண்ணி எழுதுவதில்லை. காரியம் ஆக வேண்டும் என்று எழுதுகிறான். காரியத்துக்காக எழுதும்போதுதான் மனிதன் தன்னை அறியாமல் தன்னைக் காட்டிக் கொடுக்கிறான்.

எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற பிள்ளை ஆவலோடு முதலிற் படிப்பது பாடநூலை அன்று. பேருந்தின் சன்னல் வழியே ஓடும் கடைப்பலகையைத்தான். வகுப்பறையிலே நாம் ‘மனிதர் யாவரும் சமம்’ என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். மணி அடித்ததும் அப்பிள்ளை வெளியே ஓடுகிறது. தெருமுனையிலே பச்சைப் பலகையில் ஒரு சாதியின் பெயரைத் தன் தெருவின் பெயராகப் படிக்கிறது. கரும்பலகை மாலைக்குள் அழிந்துவிடும். பச்சைப் பலகை மழையிலும் வெயிலிலும் நிற்கும். எந்தப் பாடம் அதன் நெஞ்சிலே தங்கும்?

இந்தக் கேள்வியிலிருந்தே நம் ஆராய்ச்சி தொடங்குகிறது. பலகை ஊரைக் காட்டும் கண்ணாடி மட்டுமா, அன்றி ஊரை உருவாக்கும் ஆசானுமா? கண்ணாடி மட்டுமே என்றால், முகத்தைக் கழுவாமல் கண்ணாடியை உடைப்பதிலே பயனில்லை. ஆசான் என்றால், தீய ஆசானை ஒரு நாளும் நீட்டித்திருக்க விடலாகாது.

முதலில், யாவரும் அறிந்த, சிரிப்புக்கிடமான ஒன்றைப் பார்ப்போம். நம் நகரங்களின் மதிற்சுவர்களிலே ‘இங்கு சிறுநீர் கழிக்காதீர்’ என்று எழுதி, பயனின்றி, பின்னர் ‘மீறினால் தண்டிக்கப்படுவீர்’ என்று எழுதி, அதுவும் பயனின்றி, இறுதியில் சுவரின் உரிமையாளர் முருகனையும் ஏசுவையும் மெக்கா நகரத்துப் பள்ளிவாசலையும் வண்ண ஓடுகளாய்ப் பதித்துவிடுகிறார். எல்லாம் வல்ல கடவுளுக்கு நம் நாட்டார் அளித்திருக்கும் உத்தியோகம் இது! உலகைப் படைத்தவர், காப்பவர் என்று பாடிய வாய் மூடுமுன்னே அவரைச் சுவர்க் காவலுக்கு நிறுத்துகிறார்கள். நாத்திகர்கள் கடவுளை இழிவு செய்கிறார்கள் என்று புலம்பும் பக்தர்கள், இந்தக் காவற்பணி குறித்து ஒரு கண்டனக் கூட்டமேனும் கூட்டியதுண்டா?

சிரித்துவிட்டுப் போய்விடாமல் அச்சுவரை இன்னும் சற்றுப் படிப்போம். அண்டை மனிதன் மீது நம்பிக்கை இல்லை. சட்டத்தின் மீதும் இல்லை. அச்சத்தின் மீது மட்டுமே நம்பிக்கை உண்டு என்று அது சொல்கிறது. நகராட்சி அங்கே ஒரு கழிப்பிடம் கட்டவில்லை என்றும் சொல்கிறது. மற்றொன்றையும் சொல்கிறது, சொல்லாமல். அந்த அறிவிப்பு முழுக்க முழுக்க ஆண்களுக்கானது. நாள் முழுதும் கடைத்தெருவில் பூ விற்கும் பெண்ணுக்குச் சுவரும் இல்லை, தடையும் இல்லை, அவள் அடக்கிக்கொள்கிறாள். அவளைத் தடுக்கப் பலகையே தேவைப்படவில்லை. பலகை இல்லாத தடைகளே கொடியவை என்பதை இங்கே குறித்து வைத்துக்கொள்வோம். பின்னர் அதற்கு வருவோம்.

கல்லிலே வெட்டிய பலகைகளும் நம்மிடம் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் 1010இல் முடிவுற்றது. தமிழன் கைத்திறனுக்கு அது சான்று என்பதை நாம் மறுக்கவில்லை. அந்தப் பெருமையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவும் மாட்டோம். ஆனால் அதே கோயிலின் கல்லிலே இராசராசன் வெட்டுவித்த சாசனம், கோயிலுக்கு அளிக்கப்பட்ட ஊர்களில் வரி நீங்கிய நிலங்களைக் குறிக்கும்போது கம்மாணச்சேரி என்றும் பறைச்சேரி என்றும் தீண்டாச்சேரி என்றும் தனித்தனியே எழுதிச் செல்கிறது. சுடுகாடுகூட ஊருக்கொன்று, சேரிக்கொன்று என இரண்டாகக் கிடக்கிறது. கோபுரத்தை அண்ணாந்து பார்த்து மெய்சிலிர்ப்போர் கீழே குனிந்து இந்த வரிகளையும் படிக்கக் கடமைப்பட்டவர்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதியாகிவிட்டது. அதுவும் வெட்கமின்றி, வரிக் கணக்கின் இயல்பான மொழியிலே, குளம் என்றும் வாய்க்கால் என்றும் எழுதுவதுபோல. தீமை இயல்பாகிவிட்டது என்பதற்கு, அதை எழுதுகிறவனுடைய கை நடுங்கவில்லை என்பதைவிட வேறு சான்று வேண்டுமோ?

அடுத்து வைக்கம். கோயிலைச் சுற்றிய தெருக்களின் முனையிலே தீண்டல் பலகை நின்றது. ஈழவரும் புலையரும் அதற்கு அப்பால் கால் வைக்கலாகாது. நாய் போகலாம், பன்றி போகலாம். படிக்கத் தெரியாத உயிர்களுக்கெல்லாம் அங்கே வழி உண்டு! 1924 மார்ச்சு 30ஆம் நாள் அங்கே சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. தலைவர்கள் சிறைப்பட்டபின் அழைப்பு ஈரோட்டுக்கு வந்தது, பெரியார் சென்றார், இருமுறை சிறைப்பட்டார், நாகம்மையார் பெண்களைத் திரட்டிப் போராடினார். 1925 நவம்பரில் மூன்று பக்கத்துத் தெருக்கள் திறக்கப்பட்டன. நான்காவது பக்கம் திறக்கப்படவில்லை. கோயிலின் கதவு திறக்க 1936ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரையிற் காத்திருக்க நேர்ந்தது.

மூன்று தெருக்கள் திறந்தமையால் என்ன ஆயிற்று, உள்ளம் திறக்கவில்லையே என்று அன்றே சொன்னவர்கள் இருந்தார்கள், இன்றும் சொல்கிறார்கள். இந்த வாதத்தை ஒதுக்கிவிடாமல் எடைபோட்டுப் பார்ப்பது நம் கடன்; ஏனெனில் இதைச் சொல்வோர் யாவரும் வைதிகர் அல்லர். நல்லெண்ணம் படைத்த நண்பர்களும் சொல்கிறார்கள்: “சாதி பலகையிலா இருக்கிறது? மனத்திலே இருக்கிறது. மனத்தை மாற்றுங்கள், பலகை தானே விழும்.”

கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் உலகம் நடந்த விதம் அதுவன்று. அமெரிக்க நாட்டின் தென் மாநிலங்களிலே ‘வெள்ளையர்க்கு மட்டும்’, ‘கறுப்பர்க்கு’ என்ற பலகைகள் குடிநீர்க் குழாயிலும் உணவு விடுதியிலும் தொங்கின. வெள்ளையர் மனம் மாறட்டும் என்று கறுப்பின மக்கள் காத்திருந்தனரா? 1955 டிசம்பரில் மாண்ட்காமரி நகரத்துப் பேருந்திலே ரோசா பார்க்சு அம்மையார் எழுந்து இடம் கொடுக்க மறுத்தார். ஓராண்டு காலம் மக்கள் நடந்தே வேலைக்குச் சென்றனர். 1964 சூலையில் குடியுரிமைச் சட்டம் வந்தது, பலகைகள் இறங்கின. எல்லோர் மனமும் அன்று மாறிவிடவில்லை, இன்றும் மாறிவிடவில்லை. ஆனால் அதன்பின் பிறந்த குழந்தை, குழாயடியிலே தன் நிறத்துக்கு ஒரு பலகை தொங்குவதைக் காணாமலே வளர்ந்தது. தென்னாப்பிரிக்காவிலோ 1953இல் சட்டம் போட்டே கடற்கரையையும் பூங்காவின் இருக்கையையும் நிறத்தால் பிரித்தார்கள். அச்சட்டம் நீங்க 1990 ஆயிற்று. மனம் மாறிய பின் பலகை விழுவது அருமை. பலகை விழுந்தபின், எதிரே நிற்கும் மனிதனைப் பார்த்துப் பார்த்து மனம் மெல்லப் பழகுவதே பெரும்பாலும் நடந்திருக்கிறது.

நம் சென்னையிலும் அத்தகைய போராட்டம் ஒன்று நடந்தது. உணவு விடுதிப் பலகைகளிலே ‘பிராமணாள்’ என்ற சொல் உட்கார்ந்திருந்த காலம். ஒரு சொல்தானே, அதனால் தோசையின் சுவை குறைந்ததா என்று கேலி பேசினர். ஒருவன் தன்னைப் பிராமணன் என்று கடைவாயிலில் எழுதினால், உள்ளே நுழையும் மற்றவர்களைச் சூத்திரர் என்று எழுதியதாகவே பொருள் என்று விடை சொன்னார் பெரியார். பத்தினி வாழும் வீடு என்று ஒரு வீட்டில் மட்டும் எழுதி வைத்தால் தெருவிலுள்ள ஏனைய பெண்கள் யார் என்று கேட்கும் நியாயம் இது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னே மறியல் தொடங்கிற்று. நாள் தவறாமல் தோழர்கள் சென்றனர், நாள் தவறாமல் கைதாயினர். மாதங்கள் பல கடந்தபின் அச்சொல் பலகையினின்று இறங்கியது. ஒரு கல் எறியாமல், ஒரு சொல்லை இறக்க நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றனர். சொல் அற்பமானது என்றால், அதை விட்டுவிட மறுத்தவர்கள் ஏன் அத்தனை மாதம் அதைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்? 2012இல் திருவரங்கத்து உணவு விடுதி ஒன்றின் பலகையில் அதே சொல் மீண்டும் தலைகாட்டிற்று. மீண்டும் எதிர்ப்பு எழுந்தது. இறங்கிய சொல் ஏணி தேடிக்கொண்டே இருக்கிறது என்பது தெரிகிறதன்றோ!

கோயிலுக்குள்ளும் ஒரு பலகை உண்டு. அதன் நுணுக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. ‘இங்கு தமிழிலும் அர்ச்சனை செய்யப்படும்.’ தமிழாசிரியர்கள் இலக்கணம் கற்பிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேட வேண்டா. அந்த ‘உம்’ என்ன செய்கிறது பாருங்கள்! தமிழ்நாட்டில், தமிழர் கட்டிய கோயிலில், தமிழர் காசு போட்டுத் தமிழில் வேண்டிக்கொள்ளும் இடத்திலே, வீட்டுக்காரி வடமொழி. தமிழோ வாயிலில் நிற்கும் விருந்தாளி. ‘நீயும் வரலாம்’ என்று சொல்வதற்கும் ‘வா’ என்று சொல்வதற்கும் உள்ள தொலைவு முழுவதும் அந்த ஓரசையிலே அடங்கிக் கிடக்கிறது. 2021 ஆகஸ்டில் அறநிலையத்துறை ‘அன்னைத் தமிழில் அர்ச்சனை’ என்று திட்டம் வகுத்து, தமிழில் அர்ச்சிப்போரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய பலகைகளை வைத்தது. ‘உம்’ போயிற்று. கடவுள் உண்டா என்ற வழக்கு தனியே நடக்கட்டும். அதில் நம் தீர்ப்பு யாவரும் அறிந்ததே. மொழி மானம் பற்றிய வழக்கிலே இது ஒரு படி.

மறுபடி வழுக்கியும் விட்டோம். 2024 சனவரி 30ஆம் நாள் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பழனிக் கோயிலில் கொடிமரத்துக்கு அப்பால் இந்து அல்லாதார் செல்லலாகாது எனப் பலகை வைக்குமாறு தீர்ப்புரைத்தது. தீண்டல் பலகையை இறக்கிய கதையை நூற்றாண்டு விழா எடுத்துக் கொண்டாடிய அதே ஆண்டில், வேறொரு வாயிலிலே வேறொரு தடைப்பலகை நீதியின் பெயரால் ஏறுகிறது. காரணம் வேறு, சட்டப் பிரிவு வேறு என்பார்கள். வாயிலில் நின்று படிக்கும் குழந்தைக்கு அது தெரியுமா? ‘சிலர் உள்ளே, சிலர் வெளியே’ என்ற பாடம் மட்டுமே தெரியும்.

இனித் தெருப் பெயர்களுக்கு வருவோம். 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னே தொங்கும் சாதிவாலை அறுக்கச் சொன்னது. அறுத்தார்கள். இன்று தமிழகத்து மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் வீட்டு வாயிலில் தொங்கும் பெயர்ப்பலகைகளைப் படியுங்கள். பிறகு இந்தியாவின் வேறு நகரம் எதிலாவது சென்று படியுங்கள். வேற்றுமை கண்ணை அறையும். மனிதர் பெயரில் வென்றபின் தெருப் பெயரைச் சீர்செய்ய 1978இல் அரசு ஆணை பிறப்பித்தது. சென்னையில் ஜி.என். செட்டி சாலை, ஜி.என். சாலை ஆயிற்று. பலகை மாறிற்று, வழி கேட்பவன் நா மட்டும் இன்றும் பழைய பெயரையே சொல்கிறது. இதைச் சுட்டிக் காட்டி நகைப்போருக்கு நாம் சொல்வது: நா தேய நாளாகும். தருமபுரியிலோ திருநெல்வேலியிலோ பிறந்து அச்சாலைக்குப் புதிதாய் வரும் இளைஞன் நாவிலே புதிய பெயரே வரும்.

“வரலாறு அழிகிறதே!” என்பது மற்றொரு கூக்குரல். சோகன்னசுபர்க்கு நகரத்திலே நிறவெறி அருங்காட்சியகம் ஒன்று 2001 முதல் இருக்கிறது. உள்ளே செல்வோர் கையிலே கொடுக்கப்படும் சீட்டு, அவரை வெள்ளையர் என்றோ அல்லாதார் என்றோ கண்மூடித்தனமாய்ப் பிரிக்கிறது. அவரவர் சீட்டுக்கு உரிய வாயிலின் வழியாகவே நுழைய வேண்டும். வரலாற்றைக் காக்கும் முறை அது. பழைய பலகையைக் கண்ணாடிப் பேழையிலே வைத்துக் காக்கலாம். தெருமுனையிலே நட்டு வைத்துக் காக்க வேண்டுவதில்லை. நோய்க் கிருமியை ஆய்வுக்கூடத்துச் சீசாவில் வைப்பார்கள்; ஊர்க் குடிநீர்த் தொட்டியில் வைப்பதில்லை.

இவ்வளவும் எதிரிகளுக்குச் சொன்ன விடை. இனி நம்மவர் முகத்தைப் பார்த்தே ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

பலகையை இறக்கினோம், சரி. எழுதாத பலகைகளை என்ன செய்தோம்? மதுரை மாவட்டத்து உத்தப்புரத்திலே ஒரு சுவர் நின்றது. அதில் ஓர் எழுத்து இல்லை. ஆயினும் எழுத்தறியாதாரும் அதைப் பிழையின்றிப் படித்தனர்: இப்பக்கம் நாங்கள், அப்பக்கம் நீங்கள். 2008 மே 6ஆம் நாள்தான் அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. அதைக் கட்டியவர் அக்கிரகாரத்தார் அல்லர். சிற்றூர்த் தேநீர்க் கடையின் இரட்டைக் குவளைகளை எடுத்து வைத்த கை, பெரும்பாலும் பூணூல் போட்டவன் கையன்று. நேற்றுவரை தன்னைச் சூத்திரன் என்றதற்காகக் கொதித்தவன் கை. ‘பிராமணாள்’ பலகையை இறக்க முன்னே சென்ற சமூகங்களுள் சில, தமக்குக் கீழே ஒரு பலகையை மானசீகமாய் மாட்டிவைத்திருக்கின்றன. அது மட்டுமோ! இன்று மைல் நீளத்துக்குத் தட்டிகள் நிற்கின்றன. ‘ஆண்ட பரம்பரை’ என்று வண்டியின் பின்புறத்திலே ஒட்டிக்கொண்டு பறக்கும் இளைஞன், பெயருக்குப் பின்னே வால் இல்லாதவன்தான். வண்டிக்குப் பின்னே வால் வைத்திருக்கிறான். பள்ளிப் பிள்ளைகளின் மணிக்கட்டிலே வண்ணக் கயிறுகள் ஏறின. பத்து வயதுப் பிள்ளையின் கையே பலகையாயிற்று! 2023 ஆகஸ்டில் நாங்குநேரியிலே ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு பயின்ற மாணவர்கள். அவர்களுக்கு அந்த வெறியைப் புகட்டியது எந்த எழுத்து? தெருவெங்கும் நின்ற தட்டிகளும் கயிறுகளும் கொடிக்கம்பங்களும் இல்லையென்று யார் சொல்வார்?

அந்தக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 சூனில் அறிக்கை அளித்தது. கயிறுகளை விலக்கச் சொன்னது. பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிக் குறிப்புகளையும் நீக்கச் சொன்னது. இங்கேதான் உண்மையான சிக்கல் எழுகிறது. பட்டிமன்றச் சிக்கலன்று, வயிற்றுச் சிக்கல். ‘ஆதிதிராவிடர் நலப் பள்ளி’ என்று வாயிலில் எழுதியிருப்பதால் அங்கே படிக்கும் பிள்ளை தன் மாற்றுச் சான்றிதழிலே வாழ்நாள் முழுதும் தன் சாதியைச் சுமக்கிறது. ஊரார் அதைச் சேரிப் பள்ளி என்று ஒதுக்கித் தம் பிள்ளைகளை அனுப்ப மறுக்கின்றனர். ஆனால் அதே பெயரால்தான் தனி நிதி வருகிறது, விடுதி வருகிறது, அதைக் கண்காணிக்கத் தனித் துறை இருக்கிறது. பெயரை எடுப்பவன் நாளை நிதியையும் எடுத்துவிட்டால்? ‘கள்ளர் சீரமைப்புப் பள்ளி’ பற்றியும் அச்சமுதாயத்தார் இதே ஐயத்தை எழுப்புகின்றனர். இந்த ஐயத்தைப் பிற்போக்கு என்று தள்ளிவிட நமக்கு உரிமையில்லை. ஏமாற்றப்பட்டுப் பழகியவர்களின் ஐயம் அது.

நம் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். ஒதுக்குவதற்கு எழுதிய பெயர் ஒன்று; உரிமையைக் கோருவதற்கு எழுதிய பெயர் மற்றொன்று. இரண்டும் ஒரே எழுத்துகளால் ஆனவையாக இருக்கலாம். முன்னதன் இடம் தெரு. பின்னதன் இடம் அரசின் கணக்கேடு. ஏட்டிலே சாதிக் கணக்கு இருக்க வேண்டும். இல்லையேல் யார் எவ்வளவு இழந்தார் என்று அளக்க முடியாது, இடஒதுக்கீடு நிற்க முடியாது. பிள்ளை நுழையும் வாயிலின் மேலே அது இருக்கலாகாது. நோயாளியின் நோய்க்குறிப்பு மருத்துவரின் ஏட்டிலே இருக்க வேண்டும்; நோயாளியின் நெற்றியிலே ஒட்டப்படலாகாது. ஆகவே பெயர்ப்பலகை இறங்கும் அதே ஆணையிலே நிதியும் விடுதியும் ஆசிரியர் எண்ணிக்கையும் குறையா என்ற உறுதியும் எழுத்தில் இடம்பெற வேண்டும். வாய்மொழி உறுதி போதாது. எழுத்தால் செய்த தீமைக்கு எழுத்தாலேயே காப்புக் கேட்கிறோம்.

2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்திலே அறிவித்தார். ஆங்கிலேயன் குடியேற்றத்துக்கு வைத்த பெயர். வங்கி ஊழியர் காலனி என்று நகரத்திலே மதிப்பாய் நடமாடுகிற சொல். ஊர்ப்புறத்திலே மட்டும் அது வசைச்சொல்லாகிவிட்டது. ‘நீ ஊரா, காலனியா?’ என்று கேட்டால் என்ன கேட்கிறார்கள் என்பது யாவர்க்கும் தெரியும். சொல்லிலே நஞ்சில்லை, நாம் ஊற்றினோம். ‘சேரி’ என்ற பழந்தமிழ்ச் சொல்லுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. அது சேர்ந்து வாழும் இடம் என்ற அளவிலே பிறந்த சொல். நாளை ‘நகர்’ என்று மாற்றினால் ‘நகர்’ என்பதும் வசையாகுமோ? தெருவின் பெயர் மட்டும் மாறி, தெரு ஊருக்கு வெளியேயே கிடந்தால் ஆகும். 1997இல் தொடங்கிய சமத்துவபுரத் திட்டத்தை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும். நூறு வீடுகள், அவற்றுள் நாற்பது ஆதிதிராவிடர்க்கு, ஏனையவை பிறருக்கு, எல்லாம் ஒரே வரிசையில், ஒரே குழாயடியில். அங்கே பெயரை மாற்றவில்லை, இடத்தையே மாற்றினார்கள். பெயருக்கும் இடத்துக்கும் பொருத்தம் இருந்தது.

2025 அக்டோபரில் சாதிப் பெயர் தாங்கிய தெரு, குளம், குடியிருப்புகளின் பெயர்களை மாற்ற விரிவான அரசாணை ஒன்று வெளிவந்தது. ஊர் மக்களின் கருத்தைக் கேட்டே மாற்ற வேண்டும் என்று அது சொல்கிறது. நல்ல ஏற்பாடு, ஆபத்தான ஏற்பாடும்கூட. ஊர் என்றால் யார்? கிராம சபையிலே முன்வரிசை நாற்காலியில் அமர்ந்திருப்போர் மட்டுமா? அந்தத் தெருவிலே குடியிருப்போர் எங்கே அமர்ந்திருக்கிறார்கள், அமர்ந்திருக்கிறார்களா அன்றி நின்றுகொண்டிருக்கிறார்களா, அவர்கள் சொன்ன பெயர் நடவடிக்கைக் குறிப்பிலே ஏறியதா என்பதையெல்லாம் யார் பார்ப்பது? பட்டம் பெற்ற இளைஞர்கள் ஊருக்கு நால்வராவது இருக்கிறீர்கள். அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். குறிப்பேட்டை வாங்கிப் படித்துப் பாருங்கள். பின்வரிசையில் எழுந்த குரல் அதில் இல்லையென்றால், கையெழுத்திடுமுன் எழுதச் சொல்லுங்கள்.